பழைய கார் ஸ்கிரீன்ல கார்ப்ளே: ஸ்கிரீனை மாத்தாம, வயரை வெட்டாம

செகண்ட் ஹேண்ட்ல கார் வாங்குனவன் மொதல்ல செய்யிற வேலை ரெண்டு. ஒன்னு சீட் கவர், இன்னொன்னு "செட்டு மாத்துறது". இதுல ரெண்டாவத பத்திதான் இந்த போஸ்ட், அதாவது போன்ல இருக்குற மேப்பு, பாட்டு எல்லாத்தையும் கார் ஸ்கிரீன்ல காட்டுற கார்ப்ளே (ஐபோனுக்கு), ஆண்ட்ராய்ட் ஆட்டோ (ஆண்ட்ராய்ட் போனுக்கு) வசதியை செட்டு மாத்தாமலே கொண்டு வர்றத பத்தி. கார்லயே கம்பெனி ஸ்கிரீன் ஒன்னு இருக்கும்போது அதை புடுங்கி ஓரமா வச்சிட்டு, ஐபேட் சைஸுல ஒரு ஆண்ட்ராய்ட் ஸ்கிரீனை நடுவுல ஒட்ட வைக்கிறது வேண்டாத வேலைன்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன், ஃப்ரெண்ட்ஸ் யாரும் கேக்குறதில்ல, சரி எழுதியாவது வச்சிருவோம், கூகுள்ல தேடி வர்றவங்களாவது படிக்கட்டும்.

என் கார் 2013 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, எஃப்30ன்னு சொல்லுவாங்களே அந்த ஷேப்பு. உடனே ஆளு பெரிய கைன்னு நெனச்சிராதீங்க. பத்து வருஷத்துக்கு மேல ஓடுன டீசல் வண்டி, இன்னைக்கு வாங்குற விலை ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்குள்ள வந்துரும், சர்வீஸ் பில்லு மட்டும்தான் இன்னும் பிஎம்டபிள்யூவாவே இருக்கு. செங்கல்பட்டு பக்கத்துல மஹிந்திரா வேர்ல்ட் சிட்டில 2007லேர்ந்து அவங்க ப்ளான்ட் ஓடுது, அதனால ஒரு வகைல பாத்தா இது நம்ம ஊரு வண்டிதான்னு வீட்ல சொல்லி சமாளிச்சு வச்சிருக்கேன்.

வண்டில எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போனோட மட்டும் ஒட்டாது. ப்ளூடூத்ல கால் பேசலாம், பாட்டு கேக்கலாம், அம்புட்டுதான். கொஞ்சம் வருஷக் கணக்கு பாத்தா ஏன்னு புரியும். ஆப்பிள்காரங்க 2013 ஜூன்லதான் "ஐஓஎஸ் இன் த கார்"னு மொத தடவையா காட்டுனாங்க, அதுக்கு கார்ப்ளேன்னு பேர் வச்சு வெளிய விட்டது 2014 மார்ச், ஜெனிவா மோட்டார் ஷோல. கூகுள் ஆண்ட்ராய்ட் ஆட்டோவ அறிவிச்சது 2014 ஜூன். என் கார் அதுக்கு முன்னாடியே ஃபேக்டரிய விட்டு வெளிய வந்துருச்சு, பாவம் அது என்ன பண்ணும். பிஎம்டபிள்யூல ஆண்ட்ராய்ட் ஆட்டோ வந்தது இன்னும் லேட்டு, 2020 ஜூலைல. அதுக்கு முன்னாடி கார்ப்ளேக்கு கூட அமெரிக்கால வருஷ சந்தா வாங்கிட்டு இருந்தாங்க, 80 டாலர், ஊரே கழுவி ஊத்துனதும் 2019 கடைசில அதை விட்டுட்டாங்க. புது கார்காரனுக்கே அந்த நிலைமைன்னா நம்ம கதைய கேக்கவா வேணும்.

ஆனா அந்த ஸ்கிரீனு இருக்கே, அது அருமையான ஸ்கிரீன். 8.8 இஞ்ச், அகலமா 1280க்கு 480, டேஷ்போர்டுக்கு மேல தனியா நிக்கும், மத்தியான வெயில் நேரா மூஞ்சில அடிச்சாலும் எழுத்து தெரியும். டச் கிடையாது. கியர் பக்கத்துல ஒரு திருகு இருக்கும், ஐடிரைவ்னு 2001ல 7 சீரிஸ்ல கொண்டு வந்த சமாச்சாரம், அதை திருப்பி, அழுத்தி, அங்குட்டும் இங்குட்டும் தள்ளி எல்லாத்தையும் பண்ணனும். மொத வாரம் எரிச்சலா இருக்கும், அப்பறம் டச் ஸ்கிரீன் கார்ல ஏறுனா எரிச்சலா இருக்கும். நம்ம ரோட்டுல குழில விழுந்து எந்திரிக்கிறப்போ டச் ஸ்கிரீன்ல ஒரு பட்டனை குறி வச்சு தொட்டு பாருங்க, வெரலு ஒரு பக்கம் போகும் பட்டன் ஒரு பக்கம் இருக்கும். திருகுல அந்த தொல்லை இல்ல, ஆர்ம்ரெஸ்ட்ல கை வச்சபடியே வேலை நடக்கும்.

எங்க ஊரு மதுரைல பைபாஸ் ரோட்டுப் பக்கம் ரெண்டு மூனு கடை ஏறி இறங்குனேன். எல்லா கடையிலயும் ஒரே பாட்டு. "சார் இதை தூக்கிருவோம், பத்தேகால் இஞ்ச் போட்ருவோம், எட்டு ஜிபி ரேமு, சிம் கூட போடலாம்." சரி இதை தூக்குனா பழைய மெனு எல்லாம் என்னாகும்னு கேட்டா, அதுவும் உள்ள வரும் சார்னு சொல்றாங்க. பொய் இல்ல, பிஎம்டபிள்யூக்குன்னு வர்ற செட்டுல பழைய படமும் உள்ள வரத்தான் செய்யும், ஏன்னா பழைய ஹெட் யூனிட்டு, அதாவது செட்டோட மூளை, கீழ அப்படியே இருக்கும், ஸ்கிரீனை மட்டும்தான் மாத்துறாங்க. ஆனா ஒரு கடையில டெமோ வண்டிய காட்டுனாங்க, அந்த பழைய படம் வேற அளவு ஸ்கிரீனுக்காக இழுத்து விட்டதுல எழுத்து பூராம் மங்கலா, கண்ணாடி போடாம படிக்கிற மாதிரி இருந்துச்சு. சாவி போட்டா ஆண்ட்ராய்ட் லோகோ சுத்திக்கிட்டே இருக்கு. அதுல இருக்குற ஆண்ட்ராய்டுக்கு அப்டேட்டுன்னு ஒன்னு வரவே வராது, ரெண்டு வருஷம் கழிச்சு மேப்ஸ் ஆப் திக்கும், அப்பறம் அதுக்கு மேல ஒரு புது ஸ்கிரீன் வாங்கணும். ஏற்கனவே பாக்கெட்ல ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருக்கு, அதை ரெண்டு மூனு வருஷத்துக்கு ஒருக்கா நாமளே மாத்திருவோம், கார்ல இன்னொரு மட்டமான கம்ப்யூட்டர் எதுக்கு? காருக்கு வேண்டியது ஒரு ஸ்கிரீன், ஒரு திருகு, ஸ்பீக்கர். அது மூனும் அதுல ஏற்கனவே இருக்கு.

மத்த கம்பெனி கார்ல இன்னும் மோசம். அங்க மொத்த யூனிட்டையும் கழட்டுவாங்க, அப்பறம் ஸ்டீரிங் பட்டன் வேலை செய்ய தனியா ஒரு கேன்பஸ் டிகோடர் (கார் பார்ட்டுங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கிற லைன்தான் கேன்), ரிவர்ஸ் கேமராவுக்கு தனியா ஒரு அடாப்டர், ஃப்ரேமு கரெக்ட்டா உக்காராம ஓரத்துல ஒரு இடுக்கு, அதுல தூசி. டிக்கி தொறந்திருக்குன்னு காட்டுற வார்னிங் கூட சில வண்டில அந்த யூனிட் வழியாத்தான் வரும், கழட்டுனப்பறம்தான் அது தெரியவே வரும்.

இங்க ஒரு முக்கியமான விஷயத்தை சொல்லிர்றேன், இதுல நிறைய பேரு ஏமாறுறாங்க. ஆன்லைன்ல "வயர்லெஸ் கார்ப்ளே அடாப்டர்"னு குட்டியா ஒரு டாங்கிள் விக்கிறாங்க பாத்திருப்பீங்க, யூஎஸ்பில சொருகுனா போதும்னு போட்டிருக்கும், விலையும் கம்மி. திருமங்கலத்துல எங்க மாமா பையன் அதை வாங்கி அவனோட பழைய கார்ல சொருகிட்டு எனக்கு போன் பண்றான், "மாப்ள, லைட்டு எரியுது ஆனா ஸ்கிரீன்ல ஒன்னும் வரல"ன்னு. எப்படிடா வரும்! அந்த டாங்கிள் என்ன பண்ணுதுன்னா, ஏற்கனவே வயர் போட்டா கார்ப்ளேயோ ஆண்ட்ராய்ட் ஆட்டோவோ வேலை செய்யிற கார்ல அந்த வயரை மட்டும் இல்லாம ஆக்குது, அவ்வளவுதான் அதோட வேலை. கார்ல அடிப்படையே இல்லாதப்போ அது வெறும் சார்ஜ் இழுக்குற பொருள்தான். இப்ப "ஏஐ பாக்ஸ்"னு ஒன்னு விக்கிறாங்களே, ஆண்ட்ராய்டே உள்ள இருக்கும்னு, அதுவும் இதே ஜாதிதான், வயர்டு கார்ப்ளே இருந்தாத்தான் உயிர் வரும். உங்க கார்ல வயர்ல வேலை செய்யுதான்னு மொதல்ல பாருங்க. செஞ்சா டாங்கிள் போதும், கீழ நான் எழுதுற எதுவும் உங்களுக்கு தேவையே இல்ல.

எனக்கு வேண்டியது வேற. அதுக்கு பேரு இன்டர்ஃபேஸ் பாக்ஸ், சில பேரு டிகோடர்னும் சொல்றாங்க, எம்எம்ஐ பாக்ஸ்னும் ஆன்லைன்ல கெடைக்கும். இது வேலை செய்யிற விதம் எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. கார்ல ஸ்கிரீன் வேற, ஹெட் யூனிட் வேற. மூளை கீழ ஏசி பேனலுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், மேல இருக்குறது வெறும் கண்ணாடி. ரெண்டுக்கும் நடுவுல எல்விடிஎஸ்னு ஒரு கேபிள் போகும், படம் பூராம் அது வழியாத்தான் வருது. பாக்ஸ் அந்த கேபிளுக்கு குறுக்க உக்காந்துக்கும். சும்மா இருக்கும்போது கீழேர்ந்து வர்ற படத்தை அப்படியே மேல விட்ரும், கார்ல எதுவுமே மாட்டாத மாதிரி இருக்கும். நாம மெனு பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சா பழைய படத்தை நிறுத்திட்டு தன்னோட படத்தை, அதாவது கார்ப்ளேயை, அனுப்பும். கேன் லைன்லயும் ஒரு காதை வச்சிருக்கும், அதனால திருகுல நாம என்ன பண்றோம்னு அதுக்கு தெரியும், ரிவர்ஸ் கியர் போட்டா அதுவா விலகி கம்பெனி கேமரா படத்துக்கு வழி விட்ரும். டயருக்கு காத்து அடிச்சிட்டு ரீசெட் பண்ற மெனு, சர்வீஸ் எப்பன்னு காட்டுறது, எல்லாம் தொட்டது தொட்டபடி இருக்கும்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒன்னு பாக்கணும். ஒரே வருஷம் ஒரே மாடல்னாலும் உள்ள இருக்குற ஹெட் யூனிட் சிஐசியா என்பிடியான்னு (பிஎம்டபிள்யூல வந்த ரெண்டு ரகம்) வித்தியாசம் இருக்கும், எல்விடிஎஸ் சாக்கெட்டும் 4 பின்னு 6 பின்னுன்னு ரெண்டு ரகம், ஸ்கிரீனும் 6.5 இஞ்சா 8.8 இஞ்சான்னு பாக்கணும். நான் மெனு ஸ்கிரீனை போட்டோ எடுத்து, ஸ்கிரீனை கழட்டி பின்னாடி இருக்குற சாக்கெட்டையும் போட்டோ எடுத்து வித்தவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், "ஓகே சார் பர்ஃபெக்ட் சார்"னு ரிப்ளை வந்துச்சு, பார்சலை தொறந்தா வேற பின்னு. மாத்தி வாங்குறதுக்குள்ள தாவு தீந்துருச்சு. பேரெல்லாம் வேணாம் விடுங்க, மாத்திக் குடுத்துட்டாங்க.

மாட்டுனது எனக்கு தெரிஞ்ச ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன். கடையில இல்ல, அவரு ஷெட்டுல. தகரம் போட்ட ஷெட்டு, அதனால காலைல வெள்ளனவே வந்துரு தம்பின்னு சொல்லிட்டாரு, பதினோரு மணிக்கு மேல அங்க நிக்க முடியாது. போனதும் நான் சொன்னது ஒன்னே ஒன்னுதான், "அண்ணே, எந்த வயரையும் வெட்டக் கூடாது." அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "கப்ளரு இருக்கும்போது நான் ஏன்டா வெட்டப் போறேன்"னாரு. கப்ளர்னா வயரை சொருகி எடுக்குற கனெக்டர்.

டேஷ்போர்டுல ஓடுற அந்த நீள பட்டையை ப்ளாஸ்டிக் நெம்புகோலால ஓரத்துலேர்ந்து நெம்புனாரு, பழைய ப்ளாஸ்டிக்கு, ஒவ்வொரு க்ளிப்பும் டக்கு டக்குன்னு விடும்போது எனக்கு வயித்துல புளியை கரைச்சுது. அப்பறம் ஸ்கிரீனு, அப்பறம் ஏசி பேனலு, கடைசியா ஹெட் யூனிட்டை முன்னாடி இழுத்து பின்பக்கம் கைய விட்டு பெரிய கப்ளரை எடுத்தாரு. குவாட்லாக்னு பேரு, ஒரு லீவரை தள்ளுனாத்தான் விடும்.

அந்த கப்ளருக்குள்ளதான் விஷயமே இருக்கு. அதுல மத்த வயரோட சேத்து குட்டியா ஒரு தனி ப்ளக்கு, அதுக்குள்ள மெல்லிசா ரெண்டு இழை, செப்பு கம்பி இல்ல, ஃபைபர். என் வண்டில சவுண்டு ஆம்ப்ளிஃபயருக்கு போறது மோஸ்ட்ங்கற ஆப்டிகல் நெட்வொர்க் வழியா, கரண்டா போறதில்ல, வெளிச்சமா போகுது. கிட்டோட வர்ற புது கப்ளர்ல இந்த இழை இருக்காது, பழைய கப்ளர்லேர்ந்து அந்த குட்டி ப்ளக்கை மட்டும் நெம்பி எடுத்து புதுசுல சொருகணும். இதை விட்டுட்டு மாட்டி, படம் வருது சத்தம் வரலன்னு தலைய பிச்சிக்கிட்ட ஆளுங்க எம்புட்டோ பேரு. அண்ணன் அதை எடுத்துட்டு, சாவிய போட சொல்லி, "இங்க பாரு தம்பி"ன்னு கூப்புட்டு காட்டுனாரு, கைய குவிச்சு நிழல் பண்ணி. ஹெட் யூனிட் பக்கத்து ஓட்டைல ஊசி முனை மாதிரி செவப்பா ஒரு வெளிச்சம். என் வண்டில எத்தன வருஷமா பாட்டு அந்த வெளிச்சத்துல ஓடிட்டு இருந்துருக்கு, எனக்கு தெரியவே தெரியாது. இழையை மட்டும் சுருக்குன்னு மடக்கிறக் கூடாது, மடங்குனா வெளிச்சம் வெளிய ஓடிரும், சவுண்டு போயிரும், அவரு அதை டேப்பு சுத்தி பெரிய வளைவா விட்டாரு.

பாக்ஸை ஹெட் யூனிட்டுக்கு பின்னாடியே திணிக்கலாம்னுதான் மேனுவல்ல படம் போட்டிருந்துச்சு. நாங்க வேணாம்னு முடிவு பண்ணோம். காரணம் ரெண்டு. நம்மூரு சூடு, மே மாசத்துல வெயில்ல நிறுத்துன காருக்குள்ள ஸ்டீரிங்க தொட முடியாது, அதுல சூடாகுற ஒரு பெட்டிய இன்னொரு சூடான பெட்டி மேல வைக்கக் கூடாது. இன்னொன்னு வைஃபை ஆன்டெனா. வயர்லெஸ் கார்ப்ளேல ப்ளூடூத்து சும்மா கை குலுக்குறதுக்கு மட்டும்தான், அதுக்கப்பறம் படம் சவுண்டு எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல வருது, சுத்தி தகரமா இருந்தா விட்டு விட்டு வரும். அதனால க்ளவ் பாக்ஸுக்கு பின்னாடி இடம் பாத்து, ஸ்பாஞ்சு ஒட்டி, ஆன்டெனா ஒயரை தனியா மேல தூக்கி விட்டோம்.

பாக்ஸ் ஓரத்துல வெள்ளையா சின்ன சின்ன சுவிட்சு வரிசையா இருக்கும், அதுலதான் இது எந்த சிஸ்டம், எந்த அளவு ஸ்கிரீன்னு சொல்லணும். தப்பா வச்சா படம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும், இல்ல வரவே வராது. மொதல்ல ஆன் பண்ணப்போ கார்ப்ளே படத்துல பாதி வலது பக்கம் வெளிய போயிருந்துச்சு. அண்ணன் காதுல வச்சிருந்த பல்லு குத்துற குச்சிய எடுத்து ஒரு சுவிட்சை கீழ தள்ளுனாரு, திரும்ப ஆன் பண்ணா ஸ்கிரீன் நெறைய மேப்பு. அவரு மூஞ்சில ஒரு மாற்றமும் இல்ல. "சவுண்டு பாரு"ன்னாரு. பாக்ஸோட சவுண்டு ஆக்ஸ், அதாவது வெளிலேர்ந்து சவுண்டு குடுக்க கார்ல இருக்குற சொருகு, வழியா வரணும், அதுக்கு ஒரு ஒயரை கன்சோலுக்கு அடில இழுத்து ஆர்ம்ரெஸ்ட்டுக்குள்ள இருக்குற ஆக்ஸ்ல சொருகியிருந்தோம், ஐடிரைவ்ல ஆக்ஸை செலக்ட் பண்ணதும் வந்துருச்சு.

இப்ப ஓட்டி பழகுனதுல தெரிஞ்ச குறையையும் சொல்லணும்ல. பாட்டு மாத்துனா ஒரு நொடி, ஒன்றரை நொடி கழிச்சுதான் மாறும், வயர்லெஸ்னா அப்படித்தான். ஆக்ஸ்ல வர்ற சவுண்டு கொஞ்சம் சன்னம், வால்யூமை கூட்டி வச்சிட்டு மறந்துபோய் ரேடியோவுக்கு மாத்துனா தூக்கி வாரிப் போடும். மைக்குதான் பெரிய தலைவலி, பாக்ஸோட குடுக்குற மைக்கை எங்க ஒட்டுனாலும் எதிர்ல பேசுறவங்களுக்கு கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி கேக்குதாம், கடைசியா ஸ்டீரிங்குக்கு பின்னாடி மேல ஒட்டுனதுல பரவால்ல. இன்னொன்னு, பழைய ப்ளூடூத் கனெக்‌ஷனை போன்லேர்ந்து அழிச்சிருங்க. இல்லன்னா காரும் பாக்ஸும் ஒரே போனுக்கு சண்டை போட்டு கால் எங்க போகுதுன்னே தெரியாது.

மேப்புல ஒரு விஷயம் கவனிச்சேன். கம்பெனிலயே கார்ப்ளே வர்ற வண்டில காரோட ஜிபிஎஸ், சக்கர வேகம் இதெல்லாம் போனுக்கு கெடைக்க வழி இருக்கு. என்னோட பாக்ஸ்ல அது இல்ல, போன்ல இருக்குற ஜிபிஎஸ் மட்டும்தான். சாதாரணமா வித்தியாசம் தெரியாது. மதுரை நத்தம் ரோட்டு பாலத்துல தெரியும். 2023ல தொறந்தாங்களே, தல்லாகுளத்துல ஏறி செட்டிகுளத்துல இறங்குறது, 7.3 கிலோமீட்டர், மேல ஒரு ரோடு அதுக்கு நேர் கீழ இன்னொரு ரோடு. மேலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே கோடு, ஜிபிஎஸ் என்ன பண்ணும்? நான் மேல போயிட்டிருப்பேன், மேப்பு நான் கீழ நாராயணபுரத்துல நிக்கிறதா நெனச்சு லெஃப்ட்ல திரும்புங்கும். திரும்புனா வானத்துலதான் திரும்பணும். அய்யர் பங்களாவுக்கு போறவங்க பாலத்துல ஏறாதீங்க, அதுக்கு மேப்பு தேவையில்ல, நான் சொல்றேன்.

கொடைக்கானல் போனப்போ வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் சிக்னல் வர்றதும் போறதுமா இருந்துச்சு, முன்னாடியே ஆஃப்லைன் மேப்பு எறக்கி வச்சிருந்தேன், அதனால தொல்லையில்ல. திருப்பத்துல கண்ணை எடுக்க முடியாத எடத்துல உயரத்துல நிக்கிற அந்த ஸ்கிரீன் எம்புட்டு ஒத்தாசைன்னு அன்னைக்கு நல்லா தெரிஞ்சுது, பார்வைய ரோட்டுலேர்ந்து லேசா எறக்குனா போதும். சித்திரைத் திருவிழா நேரத்துல மட்டும் எந்த மேப்பும் உதவாது, மாசி வீதி, வெளி வீதி, கோரிப்பாளையம் எல்லாம் ரத்தச் செவப்பா இருக்கும், அன்னைக்கு கார எடுக்குறவன் மதுரைக்காரனே இல்ல.

போன் சூடாகுறதையும் சொல்லிர்றேன். வயர்லெஸ் கார்ப்ளே, கூடவே சார்ஜ், கூடவே மேப்பு, இதுல போனை டேஷ்போர்டு மேல வெயில்ல வச்சீங்கன்னா டெம்பரேச்சர்னு எழுதி காட்டி படுத்துரும். ஸ்கிரீன்தான் கார்ல இருக்கே, போனை எதுக்கு பாக்கணும், ஆர்ம்ரெஸ்ட்டுக்குள்ள போட்டு மூடிருங்க, இல்ல ஏசி காத்து படுற எடத்துல வைங்க. அப்படி உள்ள போடுறதுல ஒரு சட்ட லாபமும் இருக்கு. 2019ல திருத்துன மோட்டார் வாகன சட்டத்துல வண்டி ஓட்டும்போது போனை கையில புடிச்சா 1,000 ரூபாயிலேர்ந்து 5,000 வரைக்கும் அபராதம். 2020 அக்டோபர்லேர்ந்து வழி பாக்குறதுக்கு மட்டும், கவனம் சிதறாம, பயன்படுத்தலாம்னு விதில சேத்தாங்க, ஆனா சிக்னல்ல நிக்கிற போலீஸ்காரர்கிட்ட நான் மேப்புதான் பாத்தேன்னு நிரூபிக்கிற வேலைய யாரு பாக்குறது.

யூடியூப் பஞ்சாயத்து இல்லாம இந்த பாக்ஸ் கதை முடியாது. கார்ப்ளேயும் ஆண்ட்ராய்ட் ஆட்டோவும் வண்டி ஓடும்போது வீடியோ காட்டாது, அது கண்டிப்பு. ஆனா பாக்ஸ்காரங்க கள்ள வழி ஒன்னு வச்சிருப்பாங்க, யூஎஸ்பில படத்தை போட்டு ஓட்டலாம், போன் ஸ்கிரீனை அப்படியே மிரர் பண்ணலாம்னு. வீட்ல இதை கண்டுபிடிச்சதும் தேனி போறப்போ சீரியல் போட சொன்னாங்க. ஆண்டிபட்டி கணவாய்ல லாரிக்கு பின்னாடி போறப்போ கண்ணுக்கு நேரா மாமியார் மருமக சண்டை ஓடுனா என் கண்ணு எங்க போகும்னு எனக்கே தெரியும். செட்டிங்ஸ்ல போய் அந்த ரெண்டையும் ஆஃப் பண்ணி வச்சிட்டேன், இந்த காருக்கு அந்த வசதி வராதுன்னு சொல்லியிருக்கேன். இதை வீட்ல யாரும் படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதுறேன்.

செலவு கேப்பீங்க. பாக்ஸ் இருபதாயிரத்துக்கு மேல ஆச்சு, அண்ணன் கூலி தனி. பெரிய ஸ்கிரீனுக்கு கடையில சொன்னது கிட்டத்தட்ட இதோட டபுள்.

உங்க கார் வேறன்னா, கார் பேரு, வருஷம், ஸ்கிரீன் அளவு மூனையும் சேத்து தேடி அதே யூனிட்டுக்கு பாக்ஸ் இருக்கான்னு பாருங்க, எல்லா காருக்கும் கெடைக்காது. போலோ, வென்டோ வச்சிருக்கவங்க பாக்ஸ் பக்கமே போக வேணாம், சைனா மார்க்கெட்டுக்குன்னு ஃபோக்ஸ்வேகன்ல வந்த ஆர்சிடி 330ன்னு ஒரு யூனிட்டை நம்மாளுங்க ரொம்ப வருஷமா மாட்டுறாங்க, அதுவும் கம்பெனி மாதிரியே உக்காரும். மாட்டுனப்பறம் ஒரு ராத்திரி காரை பூட்டிட்டு காலைல பேட்டரிய செக் பண்ணுங்க. சில மட்டமான பாக்ஸு கார் தூங்குனாலும் தான் தூங்காது, ரெண்டு நாள் வண்டி எடுக்கலன்னா பேட்டரி காலி, எஃப்30ல பேட்டரி டிக்கிக்குள்ள வேற இருக்கு, அதோட விலைய கேட்டா பாக்ஸே பரவால்லன்னு ஆயிரும். கழட்டுன பழைய கப்ளர் ஒயர், உடைஞ்ச க்ளிப்பு, பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டி எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. ஒரு ஒயரும் வெட்டாததால காரை விக்கிற அன்னைக்கு அரை நாள்ல எல்லாத்தையும் கழட்டி பழையபடி ஆக்கிரலாம், வாங்குறவருக்கு பாக்ஸும் வேணும்னா அதுக்கு தனி ரேட்டு.